படகுக்கு மதிப்பெண்

ஜனவரி 3, வெள்ளி

படகு வாங்கப் போகிறேன் என்று நளாயினிக்குப் போன் செய்து சொன்னேன். ஓசூரில் இருக்கும் என் ஒரே மகள். "பேரனுக்காப்பா? தண்ணித் தொட்டியில விடுறதா?" என்றாள். இல்லையம்மா, ஆள் ஏறிப் போகிற படகு, டீசல் எஞ்சின் வைத்தது என்றேன். "அப்பா, பி.பி. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க மிதத்தல் விதி நடத்தியவன் நான். ஒரு வாளித் தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழம், அதே எடையில் ஓர் இரும்பு போல்ட். எது மிதக்கும், எது மூழ்கும், ஏன்? என்னிடம் அதைப் படித்த பிள்ளைகளில் சிலர் கப்பலில் வேலை செய்கிறார்கள். நடத்திய நான் இன்றுவரை ஒரு படகில் ஏறிப் போனதில்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர் பட்டினி கிடப்பது போலத்தான்.

நேற்று பரங்கிப்பேட்டையில் பழைய மாணவன் ஒருவனின் மகளுக்கு நிக்காஹ். பிரியாணிக்குப் பதிலாக எனக்கென்று தனியாகத் தக்காளி சாதம் போட்டார்கள். சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். வெள்ளாறு கடலில் சேரும் இடம். அங்கே கூரை போட்ட ஒரு நீலப் படகு, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் 'விலைக்கு' என்று எழுதி ஒரு போன் நம்பர். நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

இன்று அந்த நம்பரில் பேசினேன். ஒரு பெண் குரல். "நாளைக்குக் காலைல வாங்க சார். எஞ்சினை யாரும் தொடுறதுக்கு முந்தி வாங்க" என்றது.

ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 4, சனி

காரணம் தெரிந்தது.

படகின் சொந்தக்காரர் பெயர் பவுனம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கணவர் காலமான பிறகு இவரே படகை ஓட்டுகிறார். எதிர்க்கரை ஆட்கள், அரிசி மூட்டை, சுரபுன்னைக் காட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் வருவாராம். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எஞ்சின் மேல கை வைங்க சார்."

வைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"சில்லென்று இருக்கிறது."

"ஆங். அதான் பாக்கணும். நீங்க வர்றப்போ எஞ்சின் சூடா இருந்துச்சுன்னா, விக்கிறவன் முந்தியே ஓட்டி வச்சிருக்கான்னு அர்த்தம். காலைல எழுந்திரிக்காத சோம்பேறிய எழுப்பி, மொகம் கழுவி, பவுடர் போட்டு உக்கார வச்சிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் முதல் பெஞ்சில் யாரை உட்கார வைப்போம் என்று எனக்குத் தெரியாதா?

கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு எழுந்துகொண்டது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு புகையே இல்லை. நீலப் புகை வந்தால் எண்ணெய் குடிக்கிறது, கறுப்பாக வந்தால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னார். விற்கிறவரே இப்படிக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் எப்படி? "உங்களுக்கு நஷ்டம் வராதா?" என்றேன்.

"பொய் சொல்லி வித்தா, நடு ஆத்துல நின்னுக்கிட்டு நீங்க எனக்குத்தான போன் பண்ணுவீங்க? நான் கோயம்புத்தூர்ல இருந்து எப்படி வர்றது?"

கோயம்புத்தூரில் மகள் இருக்கிறாளாம். தனியாக இருக்காதே, வந்துவிடு என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். படகை விற்ற மறுநாளே பஸ் ஏறிவிடுவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் விற்கிறார்.

எஞ்சின்: நூற்றுக்கு எழுபத்திரண்டு. நான் எப்போதும் கொஞ்சம் கைச்சிக்கனமாகத்தான் மதிப்பெண் போடுவேன்.

ஜனவரி 6, திங்கள்

சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். கசங்கிய சட்டையோடு போனால் விற்கிறவர் நம்மை மதிக்க மாட்டார்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று உடல் பரிசோதனை.

ஃபைபர் படகைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். நல்ல இடம் கணீரென்று சத்தம் போடும், உள்ளே ஊறிப்போன இடம் மொத்தென்று கேட்கும். எதனால் தட்டுவது? நடுவிரல் முட்டியை மடக்கி அணியத்திலிருந்து, அதாவது முன்மூக்கிலிருந்து, குட்டிக்கொண்டே வந்தேன்.

"எத்தன பிள்ளைங்க மண்டைய இப்படிக் குட்டியிருப்பீங்க?" என்று கரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"கணக்கில்லை."

"சத்தம் எப்படி வரும்?"

"நீங்கள் நினைக்கிற மாதிரியேதான்."

வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

தட்டியதைவிடப் பார்த்ததில்தான் எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. படகின் அடிப்பாகம் சிவப்பு, மேலே நீலம். புதிதாக வர்ணம் அடித்தபோது சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்திருக்கும். அப்படித்தான் அடிப்பார்கள். இப்போது வலது பின்பக்கம் அந்தக் கோடு தண்ணீருக்குள் இருக்கிறது. படகில் ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. அப்படியானால் படகின் எடை கூடியிருக்கிறது. சும்மா எடை கூடுமா?

"அம்மா, உங்கள் படகு தண்ணீர் குடித்திருக்கிறது. வெளியே தெரியாமல், தோலுக்குள்ளே" என்றேன்.

எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தெனமும் ஏறி எறங்குறேன். கண்ணுல படலியே" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவால்ல, வாத்தியாரு வாத்தியாருதான்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது தலையில் கண்ணுக்குத் தெரியாத கிரீடம் இருந்தது. கண்டக்டரிடம் சில்லறை வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைச் சுற்றும் இரும்புத் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. "ஒழுகுகிறதே!" என்று கத்திவிட்டேன்.

"ஒழுகணும் சார். கொஞ்சமா ஒழுகுனாத்தான் தண்டு சூடாகாம இருக்கும். ஒரேயடியா நின்னுபோச்சுன்னாதான் பயப்படணும்."

எவ்வளவு சரி! ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பார்த்துத்தான் நானும் பயப்படுவேன். அதைச் சொன்னேன். ரொம்ப நேரம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பள்ளிக்கூடம் பற்றி, பிறகு கடல் உள்வாங்குவது பற்றி, பிறகு அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியது பற்றி. தண்டுக்கு மதிப்பெண் போட மறந்தே போனேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் சைவம் என்று தயங்கினேன். "தெரியும். நிக்காஹ்ல தக்காளி சாதம் தின்னுட்டுப் போனீங்களாமே, ஊரே பேசுது" என்றார். வாழைக்காயை மீன் துண்டு மாதிரியே வெட்டி, மிளகாய் தடவி வறுத்திருந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டும் புதுச் சட்டியில். பழைய சட்டி ஓட்டையாகியிருக்கும்.

ஜனவரி 11, சனி

நளாயினி போன் செய்தாள். "ஒரு படகைப் பாக்க எத்தன தடவப்பா போவீங்க?" என்கிறாள். அவளுக்கு விளக்கினேன். அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, எல்லாம் முடிந்துதானே பொதுத்தேர்வு? அவசரப்பட்டுப் பாஸ் போட்டு அனுப்பிவிட்டால் பின்னால் கஷ்டப்படுவது யார்?

"அந்த அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்வார்கள்? பொறுமையானவர்கள்."

உண்மையில் இன்று ஒன்று சொன்னார். சுக்கானை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "பொண்ணு பாக்கவே ஒருக்காதான் சார் வருவாங்க" என்றார்.

டீ புரையேறிவிட்டது. முதுகில் தட்டினார். அவருக்கு எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி நல்ல பலம்.

சுக்கான்: எண்பது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். நளாயினியும் மாப்பிள்ளையும் பேரனும் வந்திருக்கிறார்கள். வீடு நிறையச் சத்தம். என் மனைவி சுலோசனா போனதிலிருந்து இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் பொங்கலுக்கு மட்டும்தான். சந்தோஷமாக இருக்கிறது.

ஆற்றில் இன்று நீர்மட்டம் எப்படி இருக்கிறதோ.

ஜனவரி 15, புதன்

மீசையை ஏன் கறுப்பாக்கினீர்கள் என்று பேரன் எல்லோர் முன்பும் கேட்டான். கடைக்காரர் தவறான பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார் என்றேன். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது ஜன்னலில் தெரிந்தது.

ஜனவரி 17, வெள்ளி

நளாயினி பஸ் ஏறிக் கிளம்பும்வரை கையசைத்துவிட்டு, அப்படியே அடுத்த பஸ்ஸில் பரங்கிப்பேட்டை போனேன்.

படகைக் கரையேற்றியிருந்தார்கள். அடிப்பாகத்தைப் பார்க்காமல் வாங்கவே கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். காஜா முகைதீன் என்று ஒருவர் பொறுப்பாக நின்றார். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். எல்லோருக்கும் காஜா பாய். அதிகம் பேச மாட்டார்.

நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தேன். விடைத்தாளில் பிழையைச் சுழிப்பது போல, மொத்தென்று சத்தம் கேட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம் போட்டேன். பின்பக்கம் ஒன்று, அடிக்கட்டையை ஒட்டி வரிசையாக, வலது விலாவில் இரண்டு. வேலை சுறுசுறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பவுனம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், திங்கக்கெழம புதுச்சேரிலேந்து ஒருத்தர் வர்றார். ஓட்டல் வச்சிருக்கிறவராம். போட்டோவப் பாத்தே பிடிச்சுப்போச்சாம். வந்தா அன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுவாராம்."

"அப்படியா."

"பொண்ணுகிட்டச் சொன்னேன். செவ்வாக்கெழமைக்கு டிக்கெட் போடவான்னு கேக்குறா."

"ஓ."

"நீங்க சொல்லுங்க. வாங்குறீங்களா, இல்லியா?"

இங்கே என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "இன்னும் விசிறியைப் பார்க்கவில்லை."

"பாருங்க. நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். இன்று டீ வரவில்லை.

எனக்கு ஏனோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மீதியிருந்த சாக்பீஸ் தீரும்வரை வட்டம் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காபியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.

புதுச்சேரிக்காரர் நல்லவராகத்தான் இருப்பார். நல்ல விலை கொடுப்பார். பவுனம்மாளுக்கு மகளோடு இருப்பதுதான் நல்லது. இதையெல்லாம் காலையிலிருந்து எனக்கே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். மாணவன் மண்டையில் ஏறவில்லை.

ஜனவரி 20, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

போகக் கூடாது என்று முடிவு செய்து குளித்தேன், போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே செருப்பு மாட்டினேன், பரங்கிப்பேட்டையில் இறங்கினேன். ஆற்றங்கரையில் வெள்ளைக் கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், வாயைத் திறந்தபடி நின்றார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன்.

படகு முழுக்க ஓட்டை.

சின்ன ஓட்டை அல்ல. என் வட்டங்கள் ஒவ்வொன்றும் ஜன்னல் ஆகியிருந்தது. ஒரு பக்கம் குனிந்தால் மறுபக்கம் ஆறு தெரிந்தது. காஜா பாய் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேலெல்லாம் வெள்ளைத் தூள்.

படகு வேலை நடக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் என்றால் 'இங்கே வெட்டு' என்று அர்த்தமாம். சொந்தக்காரர் சுழித்துவிட்டுப் போவார், வேலையாள் வெட்டுவார். வேறு பேச்சே கிடையாதாம். இது எனக்கு எப்படித் தெரியும்? பிழையைச் சுழித்தால் பையன் திருத்திக்கொண்டு வருவான். தாளையே கிழித்துக்கொண்டு வர மாட்டான்.

"இது என்னம்மா? படகா, முறுக்கு அச்சா?" என்றார் புதுச்சேரிக்காரர்.

உடனே பவுனம்மாள் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தத் தலைமையாசிரியரிடமும் கேட்டதில்லை.

"பாருங்க சார், இந்த மனுசன் பண்ணுன வேலைய! நல்லாருந்த படகு! சாக்பீஸு! சாக்பீஸ எடுத்துக்கிட்டு வந்து என் குடிய கெடுத்துட்டாரு! கேளுங்க, நீங்களே கேளுங்க!"

புதுச்சேரிக்காரர் கேட்கவில்லை. பாவம், அவருக்கு என்னைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. "சரிம்மா, சரிம்மா, வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்று காரில் ஏறினார். கார் தென்னந்தோப்பைத் தாண்டும்வரை பவுனம்மாள் கத்திக்கொண்டே இருந்தார்.

கார் மறைந்தது. சத்தம் குழாயை மூடியது போல நின்றது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "எல்லாச் செலவும் என்னுடையது. படகை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

"எடுத்துக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல ஒட்டி முடிக்கணும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும். தெனமும் வந்து நின்னு பாக்குறீங்களா?"

"வருகிறேன்."

"டீ குடிக்கிறீங்களா?"

அதில் சர்க்கரை இரண்டு மடங்கு. கோபத்தில் கை தவறியிருக்கும்.

ஜனவரி 22, புதன்

வெட்டியதும் ஒரு வகையில் நல்லதாகிவிட்டது. ஃபைபர் தோலுக்கு உள்ளே இருந்த மரம் ஊறி, விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது, அல்வா மாதிரி. நான் தண்ணீர்க் கோட்டைப் பார்த்துச் சொன்ன அதே வலது பின்பக்கம்தான் மோசம். இப்படியே விட்டிருந்தால் மழைக்காலத்தில் சுக்கானோடு பின்பலகை கழன்றிருக்கும் என்றார் காஜா பாய். பவுனம்மாள் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "வாத்தியாரு வெளியிலேந்தே கண்டுபுடிச்சாரு" என்று காட்டுகிறார். நான் காய்ந்த மரத்தை அளந்து கொடுக்கிறேன், துணி பிழிகிறேன், வெயிலில் காய்கிறேன். இவ்வளவு அழுக்காக நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

காஜா பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். என் தவறால் அவரும் பேச்சுக் கேட்க வேண்டியதாயிற்று அல்லவா?

"எனக்கென்ன பேச்சு? நான் கேட்டுட்டுத்தான சார் வெட்டுனேன்" என்றார்.

"யாரிடம்?"

"அக்காகிட்டத்தான். ஞாயித்துக்கெழம மெஷின எடுக்குறப்போ, 'வாத்தியாருக்கு வட்டம் போட்டா வெட்டுவோம்னு தெரியுமாக்கா, தெரியாம போட்ட மாதிரி இருக்கே'ன்னு கேட்டேன். 'தெரியாமத்தான் போட்டிருக்காரு, நீ வெட்டு'ன்னாங்க. 'எல்லாத்தையுமா?'ன்னேன். 'ஒண்ணு விடாம. திங்கக்கெழம காலைக்குள்ள'ன்னாங்க."

வியப்பாக இருக்கிறது. அவரே வெட்டச் சொல்லியிருந்தால் பிறகு ஏன் என்னை அப்படித் திட்டினார்?

ஜனவரி 25, சனி

ஊறிய மரம் எல்லாம் மாற்றியாயிற்று. கண்ணாடி நார் விரித்துப் பசை தடவுகிறார்கள். வாடை தலையைச் சுற்றுகிறது.

திங்கட்கிழமை காலைக்குள் என்று ஏன் அவசரப்படுத்தினார் என்பதும் புரியவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காய்கறி வாங்கப் போனேன். கீழவீதித் திருப்பத்தில், வெண்டைக்காய் முனையை ஒடித்துக்கொண்டிருக்கும்போது புரிந்துவிட்டது.

கையில் இருந்த வெண்டைக்காயை ஒடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். "ஐயா, அத்தனையும் ஒடிச்சுட்டீங்க, எல்லாத்தையும் நீங்கதான் வாங்கிக்கணும்" என்றாள் கடைக்காரப் பெண். வாங்கிக்கொண்டேன். ஒரு பை நிறைய.

வீட்டுக்கு வந்து பொறுமையாக யோசித்தேன். எந்தக் கணக்கையும் ஒரே விடையோடு விடக் கூடாது, வேறு வழியில் செய்து சரிபார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். வேறு வழியில் செய்தேன். படகு பழுதாக இருந்ததால் வெட்டச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் புதுச்சேரிக்காரர் போன பிறகு நிதானமாக வெட்டியிருக்கலாமே? விலை குறையும் என்று தெரியாமல் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கா தெரியாது? எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

சரியான விடை வந்த தாளில் நான் நீளமாக ஒரு கோடு போடுவது வழக்கம். இங்கே போட இடமில்லை. அதனால் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தேன். கடைசித் தடவை நடை மாதிரி இல்லை. வேட்டி காலில் சிக்கியது.

மதியம் வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்க் குழம்பு, வெண்டைக்காய்ப் பச்சடி.

ஜனவரி 28, செவ்வாய்

வர்ணம் முடிந்தது. நாளை மறுநாள் வெள்ளோட்டம். படகில் நான் உட்கார்ந்து பார்த்தால்தான் பரிசோதனை முழுமையாகும் என்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "நீச்சல் தெரியாம படகு வாங்க வந்த ஒரே ஆளு நீங்கதான்" என்றார்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? நளாயினியிடமும் சொல்லவில்லை. 'என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு' என்றாள். பசை வாடை என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

அணியத்தில் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் படகை ஆற்றில் தள்ளினார்கள். சிவப்புக் கோடு இப்போது தண்ணீருக்கு மேலே, சுற்றிலும் ஒரே அளவு. நான் கைதட்டினேன். யாரும் கூடச் சேரவில்லை.

காஜா பாய் என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தார். பரணில் பானையை வைப்பது மாதிரி. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பவுனம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். எஞ்சின் இருமாமலே எழுந்துகொண்டது.

கரை நகர்ந்தது. நாங்கள்தான் நகர்கிறோம், கரை அல்ல என்று ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன். எல்லாம் பொய். கரைதான் நகர்கிறது! தென்னை மரம் நகர்கிறது, காஜா பாய் நகர்கிறார், பள்ளிவாசல் மினாரா நகர்கிறது. எனக்குக் கீழே அத்தனை ஆழத் தண்ணீரும் என்னைத் தாங்கிக்கொண்டு போகிறது. வாளியும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு இத்தனை காலம் நான் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்க உண்மை. "மிதக்கிறது! மிதக்கிறது!" என்று கத்தினேன்.

"பின்ன முழுகுமா? ஒட்டுனது காஜா" என்றார்.

அலை ஒன்று முகத்தில் அடித்தது. மீசையில் உப்பு. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை.

நடு ஆற்றில் எஞ்சின் நின்றது.

"என்ன ஆயிற்று? நீலப் புகையா?"

"ஒண்ணும் ஆகல. நான்தான் நிறுத்துனேன்."

தண்ணீர் மட்டும் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் கணீரென்ற சத்தம்.

"எஞ்சின் பாத்தாச்சு. அடி பாத்தாச்சு. தண்டு, சுக்கான், விசிறி எல்லாம் பாத்தாச்சு. வெட்டியும் பாத்தாச்சு" என்றார். "இன்னும் என்ன பாக்கணும் வாத்தியாரே?"

வாழ்நாள் முழுக்க நான் கேள்வி கேட்டவன். பதில் சொல்லிப் பழக்கமில்லை. முதலில் படகின் தற்போதைய நிலை பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். பாதியில் விட்டேன். பிறகு சொன்னேன்.

"படகு நூற்றுக்கு நூறு. வாங்கினால் நீங்கள் போய்விடுவீர்கள். அதனால்தான் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்."

அவர் திரும்பவில்லை. கடல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்குத்தான் வெட்டச் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்" என்றேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"வெண்டைக்காய் வாங்கும்போது."

இப்போது திரும்பிப் பார்த்தார். ஏன் வெண்டைக்காய் என்று கேட்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். நடு ஆற்றில் நன்றாக சிக்னல் கிடைக்கிறது.

"தாமரை, நான்தான். ஆமாடி, வித்துட்டேன். இப்பத்தான். முழுசா. ம்... பஸ்ஸா? அது வேணாம். இல்லடி, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாங்குனவருக்கு ஓட்டத் தெரியாது. நீச்சலும் தெரியாது. நட்டாத்துல விட்டுட்டு எப்படிடி வர்றது?"

போனிலிருந்து ஒரு குரல் வீறிட்டது. எஞ்சின் இல்லாத ஆற்றில் எனக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

"யாரு, அந்தத் தக்காளி சாதமா?"

பவுனம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டார். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. என்னைப் பற்றி கோயம்புத்தூர்வரை பேச்சுப் போயிருக்கிறது! நான் பலகையைப் பிடித்திருந்த இரண்டு கையையும் விட்டுவிட்டேன்.

கரைக்கு வரும்போது சுக்கானை என்னிடம் கொடுத்தார். படகு ஒரு முழு வட்டம் அடித்தது. பிறகு இன்னொன்று. கரையில் காஜா பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 31, வெள்ளி

நளாயினியிடம் சொன்னேன். மாத்திரையைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். "அப்பா, அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்? புடவை எடுக்கணும்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கலர் தெரியாது. கேட்க வேண்டும்.

ஒன்பதரை மணி பஸ். படகில் இனி சோதித்துப் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. இன்று சும்மாதான் போகிறேன்.